சனி எங்கே நிற்கிறது?

கல்லும் கணக்கும் – 14

தாராசுரம் கோயிலைக் கட்டிய இரண்டாம் இராஜராஜன் 1146-ல் பட்டத்துக்கு வந்தான் என்று சென்ற இதழில் போகிறபோக்கில் எழுதிவிட்டு, ராஜகம்பீரன் மண்டபத்துத் தேர்ச்சக்கரங்களுக்குப் போய்விட்டோம். அந்த 1146 எங்கிருந்து கிடைத்தது? அதைத் தேடிக் கிளம்பினால் ஜெர்மனி, புதுச்சேரி, பாரதப்புழைக் கரை, காசி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் திருநள்ளாற்றுக் குளக்கரைக்கு வந்து சேர வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீண்ட பயணம்தான்.

சோழர் கல்வெட்டில் சக ஆண்டைப் பார்ப்பது அபூர்வம். அரசன் பெயரைச் சொல்லி, யாண்டு இத்தனையாவது என்று ஆட்சியாண்டைத் தருவார்கள். பிறகு நாயறு (சூரிய மாதம்), பக்ஷம், திதி, கிழமை, நட்சத்திரம் என்று வரிசையாக வரும். எல்லாக் கல்வெட்டிலும் இத்தனையும் இருக்காது. இருந்தால் ஆய்வாளருக்கு யோகம். நந்தா விளக்குக்கு ஆடு விட்டவரும் நிலம் எழுதிவைத்தவரும் நல்ல நாள் பார்த்துத்தான் கொடுத்தார்கள். கொடுத்த நாளையும் கல்லில் ஏற்றச் சொன்னார்கள். சாமிக்கு முன்னால் சாட்சி வேண்டும் என்பதற்காக எழுதியது அது. பின்னால் வரப்போகும் சரித்திர ஆசிரியர்களை நினைத்து யாரும் எழுதவில்லை.

கிழமை 7, திதி 30, நட்சத்திரம் 27. இன்ன மாதத்தில் இன்ன திதி இன்ன கிழமையில் விழுந்தது என்றால், அந்தச் சேர்க்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் திரும்பவும் வரும். நட்சத்திரமும் ஒத்துவர வேண்டும் என்றால் பொருந்தும் ஆண்டுகள் இன்னும் குறையும். ஒரு கல்வெட்டுக்கு நாலைந்து ஆண்டுகள் பொருந்திவரலாம். அதே அரசனின் பத்துக் கல்வெட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரே ஒரு தொடக்க ஆண்டுதான் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்.

இந்த வேலையைச் செய்தவர் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வடமொழிப் பேராசிரியராக இருந்த கீல்ஹார்ன். சென்னையிலிருந்து ஹுல்ட்ஷும் வெங்கய்யாவும் கல்வெட்டு வாசகங்களை அனுப்ப, அவர் ஜெர்மனியில் உட்கார்ந்து நாள் கணித்தார். முதலாம் இராஜராஜன் 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் பட்டமேற்றான் என்றும், இராஜேந்திரன் 1012 மார்ச் 27-க்கும் ஜூலை 7-க்கும் இடையில் என்றும் அவர் சொன்னதைத்தான் நம் பாடப்புத்தகங்கள் இன்றும் எழுதுகின்றன. தாராசுரத்து ராஜாவுக்கு 1146 கிடைத்ததும் இதே வழியில்தான். பிற்பாடு சென்னையில் எல்.டி. ஸ்வாமிக்கண்ணு பிள்ளை, கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்குமான திதி, நட்சத்திரப் பட்டியலைத் தொகுதி தொகுதியாகப் போட்டு 1922-ல் வெளியிட்டார். அவர் கத்தோலிக்கர். சைவக் கோயில் கல்வெட்டுகளுக்குத் தேதி குறிக்கும் எல்லோரும் இன்றுவரை அவர் பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கீல்ஹார்னும் ஸ்வாமிக்கண்ணு பிள்ளையும் நினைத்திருந்தால் ஐரோப்பிய வானியலின் துல்லியமான எண்களை வைத்தே கணித்திருக்கலாம். அப்படிச் செய்தால் எல்லைத் திதிகளில் கணக்கு இடறும். சோழ நாட்டு ஜோசியர் பழைய சித்தாந்தத்தை வைத்துத்தான் நாள் குறித்தார். அந்தச் சித்தாந்தத்தில் ஒரு பிசகு இருந்தால் அந்தப் பிசகோடுதான் கல்லில் ஏறியிருக்கும். ஆகவே 20-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர் 12-ஆம் நூற்றாண்டுப் பிசகை விசுவாசமாகத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஊர் ஜோசியரும் தன் கண்ணுக்குப் பட்டபடி கணக்கைத் திருத்திக்கொண்டே போயிருந்தால் கீல்ஹார்ன் திண்டாடிப்போயிருப்பார். மாறாத சாஸ்திரத்தால் நமக்குக் கிடைத்த லாபம் இது. நஷ்டத்தைப் பின்னால் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் நாள் கணிக்க வழங்கிய முறை வாக்கியம். வரருசி பெயரில் வழங்கும் 248 வாக்கியங்கள் அதன் அடிப்படை. ஒவ்வொன்றும் பொருள் உள்ள சொற்றொடர்போல இருக்கும். எழுத்துகளை எண்ணாக மாற்றிப் பின்னாலிருந்து படித்தால் அந்த நாளுக்கான சந்திரனின் இடம் கிடைக்கும். முதல் வாக்கியத்தின் நான்கே எழுத்துகளுக்குள் 12 பாகை 3 கலை என்ற எண் அடங்கியிருக்கிறது. எதற்கு 248? சந்திரன் வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும். அந்த வேகச்சுற்று ஒன்றுக்குச் சுமார் 27½ நாள். 9 சுற்று முடிய 248 நாள். அதற்குப் பிறகு பட்டியலை முதலிலிருந்து தொடங்கலாம். இதே 248 நாள் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ்களிலும் இருப்பதை, கணித வரலாற்றாசிரியர் ஆட்டோ நொய்கெபவர் 1952-ல் தமிழர் வானியலைப் பற்றி எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். யூப்ரடீஸ் கரையில் பிறந்த ஒரு கணக்கு காவிரிக் கரையில் மந்திரம்போல மனப்பாடம் ஆகியிருந்தது.

அது எப்படி வேலைசெய்தது என்பதற்கு இரண்டு சாட்சிகள். முதலாமவர் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர். வெள்ளி கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புறப்பட்டு வந்த துரதிர்ஷ்டசாலி. 1761-ல் அவர் வந்து சேருவதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது; ஆடும் கப்பலிலிருந்து உருப்படியாக எதையும் அளக்க முடியவில்லை. ஊர் திரும்பாமல் கிழக்குக் கடல்களிலேயே சுற்றிக் காத்திருந்து, அடுத்த வாய்ப்பான 1769-க்கு முன்னதாகப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். அன்று மேகம் மறைத்துவிட்டது. இடையில் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த பட்டியலான டோபியாஸ் மேயரின் கணக்கு 68 விநாடி கூடியது.

இரண்டாமவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தில் பொறுப்பில் இருந்தவர். 1825-ல் ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரை உட்காரவைத்து அந்த ஆண்டு மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். பெயரை ‘சாமி நாதன் சாஷியா’ என்பதுபோல எழுதிவைத்திருக்கிறார். அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான். பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பினார். காகிதம் இல்லை, பேனா இல்லை. பட்டியல்கள் எல்லாம் வாய்ப்பாடமாக வந்தன. சூத்திரத்துக்குக் காரணம் கேட்டால் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் விடை வந்தது. கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் பிசகு. காரணம் தெரியாமல், கருவி இல்லாமல், ஏறக்குறைய அறுநூறு ஆண்டுப் பழைய எண்களை வைத்து இவ்வளவு நெருங்கியதைக் கண்டு வாரன் வியந்தார். எனக்கும் வியப்புத்தான். ஆனால் அந்த 52 நிமிடத்தின்மேல்தான் எனக்குக் கண். காரணம் தெரிந்தவர் அதைத் திருத்தியிருப்பார். சோழி வைத்தவருக்கு எந்த இடத்தில் கை வைப்பது என்று தெரியாது.

கும்பகோணத்தைச் சுற்றி நவகிரகக் கோயில்கள். கிழக்கே திருநாகேஸ்வரத்தில் ராகு. அதையும் தாண்டினால் சூரியனார்கோயில். தாராசுரத்திலேயே மூன்று முகமும் எட்டுக் கையுமாக அர்த்தநாரி வடிவச் சூரியன் இருக்கிறார். கிரகங்கள் இந்த ஊர்களில் வானத்தில் ஓடும் உருண்டைகளாகவும் இருந்தன, கருவறைக்குள் மாலை போட்டுக்கொண்டும் இருந்தன. இரண்டும் மோதாதா?

மோதின. மிகப் பழைய மோதல் அது. 499-ல் ஆரியபடர், கிரகணம் என்பது நிழல் என்று சொன்னார்: சந்திரன் சூரியனை மறைப்பதும் பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுவதும்தான். 628-ல் பிரம்மகுப்தர், ராகுவை மறுப்பது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதம் என்று ஆரியபடரைச் சாடினார். வேடிக்கை என்னவென்றால், அதே நூலில் அவர் கிரகணம் கணிப்பது நிழலின் அளவை வைத்துத்தான். நம் இராஜேந்திரன் ஆண்டுகொண்டிருந்த காலத்தில், சுமார் 1030-ல், அல்பிரூனி இதைப் படித்துவிட்டு, இவ்வளவு பெரிய கணிதர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று குமைந்து எழுதியிருக்கிறார். உண்மை தெரிந்தும் ஊருக்குப் பயந்தார் என்பது அல்பிரூனியின் சந்தேகம். சாக்ரடீஸுக்கு நேர்ந்ததைக்கூட நினைவுபடுத்துகிறார். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. வாயால் ராகு, கையால் நிழல் என்ற ஏற்பாட்டில் பிரம்மகுப்தருக்குச் சங்கடமே இருந்திருக்காது. தர்ப்பணம் செய்பவருக்கு ராகு; கணக்குப் போடுபவருக்கு நிழல். இருவருக்கும் வேண்டிய நேரம் ஒன்றுதான்.

சங்கடம் வேறொரு இடத்திலிருந்து வந்தது. வாக்கியக் கணக்கில் ஓர் ஆண்டு என்பது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. உண்மையில் சூரியன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்பிவர 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடிதான் ஆகிறது. ஆண்டுக்கு 3 நிமிடம் 20 விநாடி யார் கண்ணிலும் படாது. இரண்டாம் இராஜராஜன் காலத்திலிருந்து இன்றுவரை கூட்டினால் 2 நாள் ஆகிவிடும். சூரியனுக்கே இந்தக் கதி என்றால் குரு, சனி கணக்கெல்லாம் இன்னும் மோசம்.

இதை முதலில் கண்டு பொறுக்காதவர்கள் வைதிகர்களே. பாரதப்புழை கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே வாழ்ந்த பரமேசுவரர் 55 ஆண்டு கிரகணங்களையும் கிரகச் சேர்க்கைகளையும் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்து, 1431-ல் பழைய கணக்கைத் திருத்தித் ‘திருக்கணிதம்’ வகுத்தார். அவர் வழியில் வந்த நீலகண்டர் சோமயாகம் செய்தவர், அதனால்தான் சோமயாஜி. சடங்கில் அவரைவிட ஆசாரமானவரைக் காண்பது கடினம். அவர் ‘ஜ்யோதிர்மீமாம்ஸா’வில் சொன்னது இது: ரிஷிகள் அருளிய கணக்கைத் திருத்தலாமா என்று கேட்பவர்கள் விஷயம் தெரியாதவர்கள், பார்த்துச் சரிசெய்வதுதான் சாஸ்திரம், வானத்தோடு ஒத்துவராத கணக்கை வைத்துச் செய்த யாகத்துக்குக் காலம் தப்பிவிடும். வாக்கியக் கணித நூலுக்கு உரை எழுதிய சுந்தரராஜர் என்ற தமிழ்நாட்டுக் கணிதர், சந்தேகங்களைத் தொகுத்து நீலகண்டருக்கு அனுப்பிப் பதில் வாங்கியிருக்கிறார். 1500-ஐ ஒட்டிய காலம். மலைக்கு அந்தப்பக்கம் நடந்த திருத்தம் இந்தப்பக்கத்துக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு இது போதும்.

தெரிந்தும் நடக்கவில்லை. நீலகண்டருக்கு எதிர்த்தரப்பு வாதத்தை மிகக் கூர்மையாகச் சொன்னவர் காசியில் இருந்த கமலாகரர். 1658-ல் எழுதிய நூலில் ஒரு பாகப்பிரிவினையே செய்துவிட்டார். கிரகணம்போலக் கண்ணுக்குத் தெரிவதற்கு, கண்ணோடு ஒத்துப்போகும் கணக்கு. விரதம், சிராத்தம்போலக் கண்ணுக்குத் தெரியாத பலனுக்கு, திருத்தாத பழைய ஆர்ஷக் கணக்கு. மதமும் அறிவியலும் எப்படி எல்லை பிரித்துக்கொள்ளலாம் என்று இன்றைக்குக் கருத்தரங்குகளில் பேசுகிறவர்கள் கமலாகரரைப் படித்தால் ஆச்சரியப்படுவார்கள். அவர் வரைந்த கோடு இன்றும் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்துக்குள் ஓடுகிறது. கிரகணத்துக்கு மட்டும் திருக்கணித நேரத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்களிடம் உண்டு. காரணம் எளிது. கிரகணம் 52 நிமிடம் தப்பினால் குளக்கரையில் ஈரத்துணியோடு நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

ரோமாபுரியோடு ஒப்பிட்டால் இங்கே நடந்தது இன்னும் தெளிவாகும். ஈஸ்டர் நாள் வானத்தைவிட்டு விலகிக்கொண்டே போனது கத்தோலிக்கத் திருச்சபைக்கும் தலைவலியாகத்தான் இருந்தது. 1582-ல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி, கிளாவியுஸ் என்ற ஏசுசபைக் கணிதரின் துணையோடு 10 நாளை ஒரே ஆணையில் தூக்கிவிட்டார். போப் சொன்னார் என்பதற்காகவே இங்கிலாந்து 1752 வரை முரண்டுபிடித்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1633-ல், அதே ரோமாபுரி கலிலியோவை மண்டியிட வைத்தது. திருத்தவும் தண்டிக்கவும் அங்கே ஓர் ஆள் இருந்தார். காவிரிக்கரையில் அப்படி யாரும் இல்லை. ஊருக்கொரு ஜோசியர், மடத்துக்கொரு பஞ்சாங்கம். நீலகண்டரை யாரும் விசாரணைக் கூண்டில் ஏற்றவில்லை. அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளும்படி யாருக்கும் ஆணையிடவும் இல்லை. சகிப்பு என்று இதைப் பாராட்டலாம்தான். அந்தச் சகிப்பில் பாதி, கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவது.

19-ஆம் நூற்றாண்டில் இந்த வழக்கைத் திரும்ப எடுத்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. தொலைநோக்கியில் பார்த்ததை அவர் வீட்டுக்கு எடுத்துவந்து திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874 டிசம்பர் 9-ல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது, பண்டிதர்களுக்குப் புரியும்படி உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதினார். தமிழ், தெலுங்கு, உருது உட்படப் பல மொழிகளில் அது வந்தது. நாத்திகம் பேசவில்லை அவர். திதி தப்பினால் சிராத்தம் தப்பும் என்ற நீலகண்டரின் வாதத்தையே தொலைநோக்கியோடு வந்து சொன்னார். வாக்கியக்காரர்கள் அசையவில்லை. 1880-ல் அவர் மறைந்தபிறகு தமிழ்நாட்டில் பஞ்சாங்கம் இரண்டு கட்சி ஆகிவிட்டது, இன்றும் அப்படித்தான்.

சுதந்திர இந்தியா ஒரு முயற்சி செய்தது. 1952-ல் இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. நாட்டில் சுமார் 30 பஞ்சாங்க முறைகள் வழங்குவதை அது கண்டது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22-ல். நாம் உத்தராயணம் என்று பொங்கல் வைப்பது ஜனவரி 14-ல். இந்த 23 நாள் வித்தியாசம் சாகாவை உறுத்திக்கொண்டே இருந்தது. 1955-ல் அறிக்கை வந்தது. 1957 மார்ச் 22-ல் தேசிய நாட்காட்டி அமலுக்கு வந்தபோது சாகா உயிரோடு இல்லை. அந்த நாட்காட்டியை அரசிதழும் வானொலியும் தவிர யாரும் சீந்தவில்லை. தை மாத அறுவடையை வைத்துப் பொங்கல் வைக்கிற தஞ்சை மிராசுதாரிடம் போய், சூரியன் போன மாதமே திரும்பிவிட்டான் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? நெல் எப்போது விளைகிறதோ அப்போதுதான் அவருக்குப் பொங்கல். ஆனால் குழுவின் இன்னொரு பாதி வேரூன்றியது. கொல்கத்தாவில் அரசே வானியல் கணிப்பு நிலையம் நடத்துகிறது. அது வெளியிடும் ராஷ்ட்ரீயப் பஞ்சாங்கம் தமிழிலும் வருகிறது. திருக்கணிதம் போடுகிறவர்களுக்கு அடிப்படை எண்கள் இப்போது அங்கிருந்துதான்.

திருநள்ளாற்றுக்கு வருவோம். திருக்கணிதப்படி சனி கும்ப ராசிக்கு வந்தது 2023 ஜனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலில் சனிப்பெயர்ச்சி நடந்தது அதே ஆண்டு டிசம்பர் 20. பதினோரு மாத இடைவெளி. டிசம்பர் 20 மாலை மேற்கு வானத்தில் சனி, ராசி எல்லையைத் தாண்டி ஏறக்குறைய 8 பாகை உள்ளே போயிருந்தது. பதினாறு முழுநிலாவை வரிசையாக வைத்தால் வரும் தூரம் அது. கருவி வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரியும். நளதீர்த்தத்தில் அன்று முழுக்குப் போட்ட லட்சக்கணக்கானவர்களில் அண்ணாந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? கமலாகரரின் கோட்டுக்கு இங்கேதான் பலவீனம். கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது என்று அவர் பிரித்தார். நடைமுறையில் அது ஊர் பார்ப்பது, ஊர் பார்க்காதது என்று ஆகிவிட்டது. சனியும் கண்ணுக்குத் தெரிகிற பொருள்தான்.

2025-ல் இது தெருவுக்கே வந்தது. மார்ச் 29-ல் சனி மீனத்துக்குப் போகிறது என்று திருக்கணித ஜோசியர்கள் தொலைக்காட்சிகளில் பலன் சொல்லத் தொடங்கினார்கள். பக்தர்கள் குழம்பவே, எங்கள் கோயிலில் வாக்கியப்படி 2026-ல்தான் பெயர்ச்சி என்று திருநள்ளாறு நிர்வாகம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். இரவு 9.57-க்கு நிழல் தொடும், 11.01-க்கு முழுவதும் மறையும், 1.26-க்கு விடும் என்று வானியலாளர்கள் நிமிடம் பிசகாமல் சொன்னதை வைத்துக் கோயில்கள் நடை சாத்தின. பரிகாரப் பூஜைக்கு நேரம் குறித்தன. அதில் வாக்கியம், திருக்கணிதம் என்ற சண்டையே எழவில்லை. சிவந்த சந்திரனுக்குக் கிழக்கே 14 பாகை தள்ளி அன்றிரவு சனி இருந்தது. வானத்தில் அது நின்ற இடம் மீனம். திருநள்ளாற்றுக் கணக்கில் இன்னும் கும்பம்.

இரண்டாம் இராஜராஜனின் பட்டமேற்பு ஆண்டை நமக்குத் தந்தவர்களும் வாக்கியத்தை விடாமல் பிடித்துவைத்திருப்பவர்களும் ஒரே பரம்பரை என்பதால், இவர்கள்மேல் எனக்கு முழுக் கோபம் வருவதில்லை. ஆனால் ஓட்டுப்போடச் சொன்னால் நான் சோமயாஜி பக்கம்.

அடுத்த இதழில் தஞ்சாவூர்: இரண்டாம் சரபோஜி மன்னரின் தன்வந்திரி மகாலும் அங்கே எழுதிவைத்த கண் நோய்க் குறிப்பேடுகளும்.